பந்தோல் ரயில் நிலையத்துக்கு வந்த மரப்பெட்டி

1943-ம் வருடம், ஜூன் மாதத்தில் ஒரு காலை. பிரான்ஸின் தெற்குக் கரையில் இருக்கும் பந்தோல் என்கிற சின்ன ஊரின் ரயில் நிலையத்துக்கு ஒரு கடற்படை அதிகாரி வந்தார். பாரிஸிலிருந்து அவர் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கரையோர ஊர்களில் இத்தாலியப் படை உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ரேஷன்.

பெட்டிக்குள் இருந்தவை அழுத்திக் காற்றடைத்த மூன்று சிலிண்டர்கள், அவற்றோடு இணைத்த அலாரம் கடிகாரம் அளவிலான ஒரு கருவி, வாயில் கவ்விக்கொள்ள ரப்பர் குழாய்கள். அந்தமானில், மாலத்தீவில் 'ஸ்கூபா டைவிங்' போய்விட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, அவர்கள் முதுகில் மாட்டிக்கொள்வது எல்லாம் இந்தப் பெட்டியின் வாரிசுகள்தான்.

பெட்டியை வாங்கிக்கொண்டு போனவர் ஜாக் கூஸ்டோ. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சினிமாவாக எடுத்து உலகத்தின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த மனிதர்.

பாரிஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போன கோடையில், தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. பாரிஸிலேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. பாரிஸிலிருந்து துலோன் வரை அதிவேக ரயிலில் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயில். பந்தோலில் இறங்கினால், நம்மூர் கிளை ரயில் பாதையில் வருகிற மாதிரி ஓர் அமைதியான நிலையம். பத்து நிமிடம் கீழே நடந்தால் கடல் தெரிகிறது.

கூஸ்டோ முதலில் கடலுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. விமானியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 1936-ல் ஒரு கார் விபத்தில் கைகள் நொறுங்கிப் போயின. பறக்கும் கனவு அதோடு முடிந்தது. கைக்குப் பலம் வரட்டும் என்று நீந்தச் சொன்னார் அவருடைய கடற்படை நண்பர் பிலிப் தையே. துலோனில் மூரியோன் என்கிற கடற்கரையில், நீச்சல் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். தலையைத் தூக்கினால் டிராம் வண்டி, மின்கம்பம், மனிதர்கள். தலையை இறக்கினால் பாறையும் பாசியும் மீனும். அந்த நிமிடத்தில் வாழ்க்கை திரும்பியது என்று பிற்பாடு சொன்னார். மூரியோனில் இன்று குழந்தைகள் வாளியும் மண்வெட்டியுமாக விளையாடுகிறார்கள். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.

இவர்களோடு மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர் ஃபிரெடெரிக் துமா. பந்தோலுக்குப் பக்கத்து ஊரான சனாரிக்காரர். மூச்சடக்கி ஆழத்தில் இறங்கி, ஈட்டியால் மீன் குத்துவதில் அந்தக் கரையிலேயே பேர் வாங்கியவர். ஆமாம், மூவரும் வேட்டைக்காரர்களாகத்தான் கடலுக்குள் போனார்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

சனாரி துறைமுகம் கண்ணுக்கு அவ்வளவு அழகு. இரண்டு முனையும் கூர்மையாக, பளிச்சென்று வண்ணம் அடித்த பழைய மரப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய பழைய கல் கோபுரத்தில் துமாவின் பெயரில் டைவிங் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். எதிரே தெரிகிற ஆம்பியே தீவில்தான் இந்த மூவர் எடுத்த முதல் படம் உருவானது. 1942-ல், காற்றுச் சிலிண்டர் எதுவும் இல்லாமல், மூச்சடக்கிக்கொண்டே எடுத்த படம் அது.

போர்க்காலத்தில் சினிமா ஃபிலிம் கிடைக்கவில்லை. கூஸ்டோ என்ன செய்தார் தெரியுமா? சாதாரணப் புகைப்படக் கேமராவுக்கான லைகா ஃபிலிம் சுருள்களை வாங்கி வந்தார். ராத்திரியில் போர்வைக்கு அடியில், வெளிச்சம் படாமல், அவரும் மனைவி சிமோனும் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளமாக்கினார்கள்.

சிமோனைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை எழுதவே கூடாது. துலோனில் பிறந்தவர், கடற்படைக் குடும்பம். அப்பாவுக்கு 'ஏர் லிக்கீட்' என்கிற வாயு நிறுவனத்தில் பெரிய பதவி. அந்த வழியாகத்தான் கூஸ்டோவுக்கு எமில் கான்யான் என்கிற பொறியாளரின் அறிமுகம் கிடைத்தது. பெட்ரோல் பஞ்சத்தால் கார்களைக் கரிவாயுவில் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதற்காக, தேவைப்படும்போது மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வைக் கான்யான் செய்துகொண்டிருந்தார். மனிதன் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று வரவேண்டும் என்றால் வேண்டியதும் அதேதானே! 1943 ஜனவரியில், பாரிஸ் பக்கத்து மார்ன் ஆற்றின் குளிர்ந்த நீரில் முதலில் சோதித்தார்கள். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொப்பளித்தது. தலைகீழானால் மூச்சு முட்டியது. காற்று வெளியேறும் துளையை, உள்ளே வரும் இடத்தின் மட்டத்துக்கே மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டது.

திருத்திய கருவிதான் ஜூனில் பந்தோலுக்கு வந்தது. இத்தாலியச் சிப்பாய்கள் கண்ணிலும் குளிக்க வந்தவர்கள் கண்ணிலும் படாத ஒரு சிறு குடாவாகப் பார்த்துப் போனார்கள். கூஸ்டோ இறங்கினார். சிமோன் மேலே முகமூடியோடு மிதந்தபடி, கணவரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை காட்டினால் குதிப்பதற்குத் துமா கரையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

கூஸ்டோ கீழே குட்டிக்கரணம் போட்டார். ஒற்றை விரலில் தலைகீழாக நின்றார். ஒரு குகையின் கூரை முழுக்கச் சிங்கி இறால் தொங்குவதைப் பார்த்ததும், பிடித்துக்கொண்டு மேலே வந்து மனைவி கையில் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கினார். மறுபடி வந்தார், மறுபடி கொடுத்தார். ரேஷன் காலம் ஆயிற்றே! மனிதன் முதன்முதலாகக் கடலுக்குள் மீனைப் போலச் சுதந்திரமாக நீந்திய தினங்களில் ஒன்று, மத்தியானச் சமையலுக்கு இறாலோடு முடிந்திருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. அந்தக் கோடையில் மட்டும் ஐந்நூறு முறைக்குக் குறையாமல் இறங்கினார்கள்.

போர் முடிந்தது. 1950-ல் கின்னஸ் குடும்பத்துச் செல்வந்தர் ஒருவர் ஒரு கப்பலை வாங்கி, வருடத்துக்கு ஒரு ஃபிராங்க் குத்தகைக்குக் கூஸ்டோவுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் கண்ணிவெடி அகற்றக் கட்டப்பட்டு, பிறகு மால்டாவில் கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டிருந்த மரக்கப்பல் அது. பெயர் கலிப்ஸோ. முன்பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு கூண்டு வைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கும்படி மாற்றினார்கள். செலவுக்குச் சிமோன் தன் நகைகளை விற்றார். அதற்குப் பிறகு பல வருடங்கள், கணவரைவிட அதிக நாள் அந்தக் கப்பலிலேயே வாழ்ந்தவர் அவர்தான். மாலுமிகள் அவரை 'இடைச்சி' என்று அன்பாகக் கூப்பிட்டார்கள், மந்தையைப் பார்த்துக்கொள்பவர் என்கிற அர்த்தத்தில்.

அந்தக் கப்பலில் எடுத்த 'மௌன உலகம்' 1956-ல் வெளிவந்தது. கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது அதற்குத்தான். அடுத்து ஆஸ்கர். ஓர் ஆவணப்படம் தங்கப் பனையை மறுபடி வாங்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூஸ்டோவோடு இயக்கியவர் லூயி மால். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன், பிறகு பிரான்ஸின் பெரிய இயக்குநர்களில் ஒருவரானார்.

துலோன் விடுதியில் ராத்திரி அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். முதல் காட்சியில் கையில் தீப்பந்தத்தோடு நீலத்துக்குள் இறங்குகிறார்கள். "அய்யோ, எவ்ளோ அழகு பெரியம்மா!" என்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். ஜோஜோ என்று பெயர் வைத்த ஒரு பெரிய களவா மீன், டைவர்களின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றுகிற காட்சியில் சிரித்தாள். மற்ற மீன்களுக்குச் சாப்பாடு போடவிடாமல் தொல்லை பண்ணுகிறது என்று ஜோஜோவைக் கூண்டில் அடைத்தபோதுகூடச் சிரிப்புதான்.

அப்புறம் வந்தது மற்றது. கடலில் என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்க, பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்து மிதக்கிறவற்றைப் பொறுக்கி அடுக்குகிறார்கள். கலிப்ஸோவின் புரொப்பெல்லரில் ஒரு திமிங்கிலக் குட்டி அடிபடுகிறது. அதைச் சுட்டுக் கொல்கிறார்கள். ரத்த வாடைக்குச் சுறாக்கள் வருகின்றன. மாலுமிகள் அந்தச் சுறாக்களை இழுத்துப்போட்டு, ஏதோ பழி தீர்ப்பது போல வெட்டித் தள்ளுகிறார்கள். தீவில் நிற்கும் ராட்சத ஆமைகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வேடிக்கை.

பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "இவரையா பெரியம்மா ஹீரோன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க? இவர் ஊரைப் பார்க்கவா நாலு மணி நேரம் ரயில்ல வந்தோம்?"

"அந்தக் காலத்துல அது தப்புன்னு யாருக்கும் தோணலம்மா."

"ஆமை மேல உட்கார்ந்தா அதுக்கு வலிக்கும்னு தோணறதுக்குக் காலம் வேணுமா?"

அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தோன்றியது. இந்தக் காட்சிகளை அவர்கள் வெட்டி எறிந்திருக்கலாம். எடிட்டிங் மேஜையில் இரண்டு நிமிட வேலை. வெட்டவில்லை, ஏனென்றால் படமெடுத்தவர்களுக்கும் உறுத்தவில்லை, விருது கொடுத்தவர்களுக்கும் உறுத்தவில்லை, கைதட்டியவர்களுக்கும் உறுத்தவில்லை. எனக்கு அந்தத் திமிங்கிலக் குட்டியைவிட அந்தக் கைதட்டல்தான் கூடுதலாகப் பயம் தந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பந்தோலுக்கு வந்த பெட்டியும் இந்த மாதிரிப் படங்களும் கடலுக்குள் போகும் ஆசையை உலகம் முழுக்கக் கிளப்பிவிட்டன. முகமூடி, துடுப்புச் செருப்பு, ஈட்டித் துப்பாக்கி எல்லாம் கடையில் கிடைத்தன. இந்தக் கரையில் முதலில் அடிவாங்கியது களவா மீன், ஜோஜோவின் மத்தியதரைக்கடல் சொந்தக்காரன். இந்த மீனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பெண்ணாகவே வாழ்க்கையைத் தொடங்கும். பல வருடம் கழித்து, நன்றாகப் பெருத்த பிறகுதான் ஆணாக மாறும். வேட்டைக்காரன் குறிவைப்பது பெரிய மீனைத்தானே? குத்தக் குத்த ஆண் மீன்களே காணாமல் போயின. ஆண் இல்லாமல் குஞ்சு எங்கிருந்து வரும்? அதோடு, அது பயந்து ஓடுகிற மீனும் கிடையாது. தன் பாறைப் பொந்தின் வாசலில் நின்று வருகிறவனை உற்றுப் பார்க்கும்.

கூஸ்டோவும் நண்பர்களும் தாங்கள் வேட்டையாடிய பாறைகளுக்கே திரும்பத் திரும்ப இறங்கியவர்கள். அங்கே மீன் குறைவதை அவர்களைவிட முன்னால் யார் பார்த்திருக்க முடியும்? துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். 1960-ல் அணுக்கழிவுப் பீப்பாய்களை மத்தியதரைக்கடலில் இறக்கப் பிரெஞ்சு அரசு திட்டமிட்டபோது, எதிர்த்து முன்னால் நின்றவர் கூஸ்டோ. கரையோர மக்களும் திரண்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. துலோனுக்குக் கிழக்கே இருக்கும் போர்-க்ரோ தீவையும் அதைச் சுற்றி 600 மீட்டர் கடலையும் 1963 டிசம்பரில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கடலையும் சேர்த்துக் காப்பாற்ற ஐரோப்பாவில் எழுந்த முதல் தேசியப் பூங்கா அது. கூஸ்டோவை முதன்முதலில் தண்ணீருக்குள் தலையை விடவைத்த பிலிப் தையேவும் அதற்காக உழைத்தவர்களில் ஒருவர்.

மறுநாள் அங்கேதான் போனோம். இயேர் துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம். தீவில் கார் கிடையாது, சைக்கிளுக்கும் தடை. துறைமுகத்தைத் தாண்டினால் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, காடு சட்டென்று தீப்பிடிக்கும். பைன் மர வாசனையோடு அரை மணி நேரம் பாதையில் நடந்தால் லா பலூ என்கிற சிறிய கடற்கரை. மணல் மேல் பழுப்பு நிறத்தில் சருகு மாதிரி ஏதோ குவிந்து கிடந்தது. குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள், அது பொசிடோனியா என்கிற கடற்புல்லின் காய்ந்த இலை. மத்தியதரைக்கடலில் மட்டுமே வளரும் புல், மீன்குஞ்சுகளின் தொட்டில். அதன் நார்கள் அலையில் உருண்டு உருண்டு எலுமிச்சை அளவுப் பந்துகளாகக் கரையில் கிடக்கின்றன. நான் இரண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டேன். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போக அனுமதி இல்லை.

இந்தக் கடற்கரையில் கோடைக் காலத்தில் தண்ணீருக்குள்ளேயே ஒரு 'நடைபாதை' உண்டு. மிதவைகளைப் பின்பற்றி நீந்தினால், ஒவ்வொன்றின் கீழேயும் அங்கே என்ன வாழ்கிறது என்று விளக்கும் பலகை. முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். தங்கை மகள் போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். நான் கரையில் பாறை நிழலில் உட்கார்ந்து, அவள் குழாயின் மஞ்சள் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு இடத்தில் அசையாமல் நின்றபோது எழுந்து நின்றுவிட்டேன். சிமோன் ஞாபகம் வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து உதடு நீலமாக வந்தாள்.

"பெரியம்மா, தங்கக் கோடு போட்ட மீன் கூட்டமா புல் மேயுது, ஆடு மாதிரி! ஒரு களவாவும் பார்த்தேன். சின்னதுதான். பொந்து வாசல்ல நின்னு என்னையே பார்த்துச்சு. ஓடவே இல்ல."

"வீடியோ எடுத்தியா?"

"எடுத்தேன். இன்னும் கிட்டப் போகலாம்னு நினைச்சேன். அப்புறம் போகல."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துண்டைச் சுற்றிவிட்டு பையிலிருந்த புளியோதரையைக் கொடுத்தேன்.

பிரான்ஸின் மத்தியதரைக்கடல் முழுக்கக் களவாவை ஈட்டியால் வேட்டையாட 1993-ல் தடை வந்தது. இன்று போர்-க்ரோவைச் சுற்றிலும் அவை பல நூறு. தீவுக்குத் தெற்கே கபினியேர் என்கிற சிறு பாறைத்தீவு, ஆழத்தில் பெரிய களவா பார்க்க உலகெங்குமிருந்து டைவர்கள் வரும் இடம். அங்கே இப்போது அதிகாரிகளின் கவலை டைவர் கூட்டத்தைப் பற்றி. படகுகளின் நங்கூரம் கடற்புல்லை வேரோடு கிளப்பும் என்பதால் நங்கூரத்துக்குக் கட்டுப்பாடு, டைவர்களுக்கும் கட்டுப்பாடு. கடலைக் காட்டக் காட்ட ஆள் வருவார்கள். வந்தால் கடல் தாங்குமா? கூஸ்டோ காலத்திலிருந்து தீராத கணக்கு இது.

கடைசி நாள் மொனாக்கோ. நீஸில் ரயில் மாறிப் போக வேண்டும். கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறை மேல் கோட்டை மாதிரி நிற்கிறது கடலியல் அருங்காட்சியகம். இளவரசர் முதலாம் ஆல்பெர் 1910-ல் திறந்தது. 1957-லிருந்து 1988 வரை அதன் இயக்குநர் கூஸ்டோ. வாசலில் மஞ்சள் நிறச் சிறு நீர்மூழ்கி ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள், குழந்தைகள் அதன் முன் நின்று படம் எடுக்காமல் நகர்வதில்லை.

இங்கேயும் ஒரு கசப்பு உண்டு. 1984-ல், இந்தக் கட்டடத்துக்கு நேர் கீழே கடலில் பச்சைப்பசேல் என்று ஒரு பாசியைக் கண்டார்கள். ஒரு சதுர மீட்டர் அளவுதான். மீன்தொட்டி அலங்காரத்துக்கு வளர்க்கும் வெப்பமண்டலக் காலர்ப்பா பாசி. அருங்காட்சியகம் நெடுநாள் மறுத்தாலும், மரபணு ஆய்வுகள் மீன்தொட்டிப் பாசியையே கை காட்டின. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா வரை பரவி, கடற்புல்லின் இடத்தைப் பிடித்தது. போர்-க்ரோவைச் சுற்றி டைவர்கள் தேடித் தேடிக் கையால் பிடுங்கினார்கள். பிறகு பல இடங்களில் அது தானாகவே பின்வாங்கியது.

கூஸ்டோவின் பிற்கால வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1968-லிருந்து தொலைக்காட்சித் தொடர், சிவப்புக் குல்லா, உலகப் புகழ். தெரியாத பக்கம் 1979. படமெடுக்கக் கூடவே வந்த இளைய மகன் பிலிப், லிஸ்பன் அருகே டேகஸ் ஆற்றில் நீர்விமான விபத்தில் இறந்தார். வயது 38. மூத்த மகன் ழான்-மிஷெல் அப்பாவுக்குத் துணையாக வந்தார். 1982-ல் கலிப்ஸோ அமேசானுக்குள் நுழைந்தது. மகனைக் கொண்டுபோன ஆற்றுக்குப் பிறகு, உலகத்திலேயே பெரிய ஆற்றைப் படம்பிடிக்கப் போயிருக்கிறார்கள். கப்பலில் சிமோனும்தான்.

1990 டிசம்பரில் சிமோன் இறந்தார். மறு வருடமே கூஸ்டோ மறுமணம் செய்துகொண்டார், அது தனிக் கதை. 1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு பார்ஜ் மோதிக் கலிப்ஸோ மூழ்கியது. தூக்கி எடுத்தார்கள், ஆனால் அது பழைய கப்பலாக மறுபடி ஓடவில்லை. 1997 ஜூனில் கூஸ்டோவும் போய்விட்டார். அவரை அடக்கம் செய்தது பிறந்த ஊரில், கடலோரத்தில்கூட இல்லை. சிமோனின் அஸ்தியை மட்டும் கடலில், இந்த மொனாக்கோ கரைக்கு எதிரே தூவினார்கள்.

அருங்காட்சியக மொட்டைமாடியில் நின்று இதைச் சொன்னேன். தங்கை மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். தண்ணீர் கரும்பச்சையாக, பாறையில் மெல்ல மோதிக்கொண்டிருந்தது.

"படத்துல அவங்க எங்க வர்றாங்க பெரியம்மா? நான் கவனிக்கவே இல்லையே."

"கேமரா முன்னாடி நிக்கறது அவங்களுக்குப் பிடிக்காதும்மா."

திரும்பி வரும் ரயில் முழுக்கக் கடலை ஒட்டியே ஓடியது. அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. போனில் அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கப்பல் தளத்தில் பின்னால் யாராவது நடந்து போனால் உடனே நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.